கரை சரியுமுன் ஒரு பறவை

"மழைக்கு முன்னால எடுத்தாகணும்! இல்லேன்னா ஆறரைக் கோடி வருஷத்துக்கும் மேல மண்ணுக்குள்ள இருந்தது இன்னிக்குச் சாயங்காலமே கரைஞ்சு போயிடும்!"

சொல்லிக்கொண்டே எஸ்தர் ஓடைக்குள் இறங்கினாள். கரைமேல் நின்ற கருவேல மரத்தில் சேந்தன் கயிற்றைக் கட்டினான். மாவுக்கட்டுத் துணியும் தண்ணீர்க் கேனுமாகப் பர்வீனும் சரிவில் சறுக்கி இறங்கினாள். மூவரும் புதைபடிவ ஆராய்ச்சி மாணவர்கள். எஸ்தர்தான் மூத்தவள், தலைவி.

அரியலூர்ப் பக்கத்து வறண்ட ஓடை அது. இருபுறமும் செங்குத்தான மண்கரை. முந்தின நாள் அந்தக் கரையில்தான் ஈர்க்குச்சி போல் ஓர் எலும்பு நீட்டிக்கொண்டிருந்ததைப் பர்வீன் கண்டாள். உடைந்த முனையில் எட்டிப் பார்த்தால் எலும்புக்குள் வெற்றுக் குழல்! பறவை எலும்பு! டைனோசர்களின் கடைசிக் காலத்தில் பறந்த பறவை! டைனோசரின் தொடையெலும்பு உரல்போல் கிடக்கும். பறவையின் எலும்போ அப்பளம். அது முழுசாகக் கிடைப்பது குதிரைக்கொம்பு.

தூரிகையால் மண்ணைத் தள்ளத் தள்ள, மடக்கிய இறக்கை தெரிந்தது. அப்புறம் கழுத்து. அப்புறம் அலகு!

"அக்கா, தூங்குற மாதிரியே இருக்கு!" பர்வீன் தூரிகையை நிறுத்தினாள்.

"ரசிக்கிறதை அப்புறம் வச்சுக்கலாம். கட்டைப் போடு!"

பறவையைச் சுற்றியிருந்த மண்ணோடு சேர்த்து வெட்டி, மாவுக்கட்டு சுற்றினார்கள். கட்டு இறுகியதும் கயிற்றில் பிணைத்தார்கள். சேந்தன் இழுக்கத் தொடங்கினான்.

அப்போதுதான் மேற்கே இடி உறுமியது. இங்கே ஒரு துளி விழவில்லை; ஆனால் ஓடையின் வளைவுக்கு அப்பால் 'கொர்'ரென்று ஓர் இரைச்சல்!

"தண்ணி வருது! ஏறுங்க!" சேந்தன் அலறினான்.

அடிமண் தோண்டப்பட்ட கரை திடீரென்று சரிந்தது. எஸ்தர் இடுப்புவரை மண்ணில் புதைந்தாள். செம்மண் நீர் சுழித்துக்கொண்டு வந்தது.

"என்னைப் பார்க்காதீங்க! பறவையை ஏத்துங்கடா!"

கயிறு ஒன்றே ஒன்று. பர்வீன் ஒரு கணமும் யோசிக்கவில்லை. தொங்கிய மாவுக்கட்டுக் கட்டியைப் பிடித்து இறக்கி, அவிழ்த்து, கரையிலிருந்த ஒரு பொந்தில் செருகினாள். கயிற்றை எஸ்தரின் அக்குளுக்கடியில் சுற்றி முடிச்சிட்டாள். வெறுங்கையால் மண்ணைப் பறித்தாள்.

"இழு, சேந்தா!"

வலியில் எஸ்தர் வீரிட்டாள்; ஆனால் மேலே போய்விட்டாள்.

இப்போது தண்ணீர் பர்வீனின் மார்பைத் தொட்டது. பொந்தின் வாயையும் தொட்டது. கட்டியை எடுத்தாள். துப்பட்டாவால், கைக்குழந்தையைக் கட்டுவதுபோல் முதுகில் இறுக்கிக் கட்டினாள். கால் நிலைகொள்ளவில்லை. மேலிருந்து கயிறு விழுந்தது. பற்றினாள், ஏறினாள், வழுக்கினாள், மறுபடி ஏறினாள். சேந்தன் அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப் போட்டபோது, அவள் ஏறிவந்த கரை மொத்தமாக வெள்ளத்தில் விழுந்தது!

முறிந்த காலைப் பிடித்தபடி எஸ்தர் திட்டினாள். "கிடைக்காத பொருளைப் பொந்துல போட்டுட்டு என்னை முதல்ல தூக்குனியே, அறிவிருக்கா உனக்கு?"

"நீங்க மட்டும் கிடைப்பீங்களாக்கா?"

எஸ்தர் பர்வீனை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

சில வாரங்களில் ஆய்வுக்கூடத்தில் கட்டி பிரிந்தது. கல்லூரியே திரண்டு வந்து கைதட்டியது. கோழியளவுகூட இல்லாத பறவை, தலைமுதல் நகம்வரை முழுசாக!

கூட்டம் கலைந்தபின் பர்வீன் பூதக்கண்ணாடியில் கண்ணை வைத்தாள். இறக்கை எலும்பின் நடுவே சிறு புடைப்பு.

"அக்கா, இது முறிஞ்ச இடம். அப்புறம் கூடியிருக்கு!"

எஸ்தர் ஊன்றுகோலைச் சாய்த்துவிட்டுக் குனிந்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"பெரும் பெரும் மிருகங்கள் நடுவுல, ஒடிஞ்ச இறக்கையோட... கூடுற வரைக்கும் தாக்குப்பிடிச்சிருக்கு பாரேன்!" என்றாள். பிறகு கட்டுப்போட்ட காலை மெல்லத் தட்டிக்கொண்டு சிரித்தாள். "மழை விடட்டும், சேந்தனைக் கூப்பிடு. அடுத்த ஓடையைப் பார்த்துடலாம்."