அணிபவர் திருத்தம்

செவ்வாய்க் கோளின் நான்காம் குடியிருப்பில் காலையில் பல் துலக்கியதும் மனச்சாட்சியையும் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துக்கொள்வார்கள். அதற்கென்றே ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் ஓர் அறமானி உண்டு. விஷயத்தைச் சொன்னால் போதும். சரி என்றால் பச்சை, தவறு என்றால் சிவப்பு. அன்று பொற்கலை கேட்டதும் சாதாரணக் கேள்விதான்.

"ராத்திரி தூக்கமே இல்ல. சுரங்கத்து வளையத்த நாளைக்குப் பாத்துக்கலாமா?"

பச்சை எரிந்தது. அவளுக்கு எப்போதும் பச்சைதான்.

குடியிருப்பையும் நீராலையையும் இணைக்கும் சுரங்கத்தின் மூட்டில், காற்று கசியாமலிருக்க ஒரு ரப்பர் வளையம் இருந்தது. தினமும் அதைத் தடவிப் பார்த்து, வெடிப்பு இருந்தால் பூச்சுப் பூசுவது அவள் வேலை. நாலு நாளாக அது நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப் போயிருந்தது.

முதலில் வந்த அறமானி இப்படி இல்லை. அறம் என்பது வெப்பநிலை மாதிரி, அளப்பவரைப் பொறுத்து மாறாது என்று நிரூபித்துவிட்டுத்தான் விஞ்ஞானிகள் அதைச் செய்தார்கள். யார் கேட்டாலும் ஒரே பதில். ஒரு வாரத்துக்கு மேல் யாராலும் அதைக் கட்டிக்கொள்ள முடியவில்லை. புகார் மேல் புகார். இரண்டாம் மாடலில் 'அணிபவர் திருத்தம்' என்று ஒரு சின்ன ஏற்பாட்டைச் சேர்த்தார்கள். கேட்பவரின் களைப்பு, பாசம், பயம் எல்லாவற்றையும் அனுசரித்துப் பதில் வரும். அதன்பின் குடியிருப்பில் கெட்டவர் என்று ஒருவரும் இல்லாமல் போனார்கள். பொற்கலையின் கணவன் இளம்பரிதி மட்டும் மாற்றச் சோம்பல்பட்டு முதல் மாடலையே கட்டிக்கொண்டு, தினமும் நாலைந்து சிவப்பு வாங்கிக்கொண்டிருந்தான். சிவப்பு எரிந்தால் அந்தக் காரியத்தைச் செய்யவும் மாட்டான். எல்லோரும் அவனைக் கேலி செய்தார்கள். பொற்கலையும்தான்.

அன்று மதியம் வளையம் வெடித்தது. சுரங்கத்தின் இரண்டு பக்கக் கதவுகளும் தாமாக விழுந்தன. நீராலையிலிருந்து சாப்பாட்டுக்கு வந்துகொண்டிருந்த இளம்பரிதி நடுவில் மாட்டிக்கொண்டான். அவன் கவச உடையில் இருபது நிமிடத்துக்குத்தான் காற்று. கதவைத் திறந்தால் அவன் பிழைப்பான். ஆனால் குடியிருப்பின் காற்று வெளியே போகும். மறுபடி மூடுவதற்குள் எத்தனை பேர் மூச்சு நிற்கும் என்று யாருக்கும் தெரியாது.

பொற்கலை கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். "திறக்கலாம்னு காட்டுது, பாருங்க! பச்சை!"

"எனக்கும் பச்சைதாம்மா," என்று அவள் இடுப்பைப் பிடித்து இழுத்தாள் பக்கத்து வீட்டுத் தவமணி. "உன்னத் திறக்க விடக் கூடாதுன்னு காட்டுது. எம் புள்ளைக்கு மூணு மாசம்."

கூடியிருந்தவர்கள் நாற்பது பேர். நாற்பது பேர் கையிலும் பச்சை. எல்லோர் பக்கமும் நியாயம் இருந்ததால் விட்டுக்கொடுக்க ஆளில்லை.

ஒலிபெருக்கி கரகரத்தது. "கலை..."

"ஏங்க, இதோ திறந்துடறேன். கதவுகிட்டயே நில்லுங்க!"

"இரு. நேத்து வளையத்தப் பாத்தியா?"

அவள் மணிக்கட்டை வாயருகே கொண்டுபோய்க் கிசுகிசுத்தாள். "பொய் சொல்லலாமா?" பச்சை.

"பாத்தேங்க."

"அப்போ உன் மேல தப்பு இல்ல. மனசப் போட்டு அலட்டிக்காத. என்னோடது சிவப்புலயே நிக்குது, கலை. திறக்கக் கூடாதாம். எனக்குப் பயமாத்தான் இருக்கு."

"அந்த ஓட்டை மிஷின நம்பாதீங்க! உங்க கால்ல விழறேன்!"

உள்ளே இளம்பரிதி இரும்புத் தாழ்ப்பாளைப் போடும் சத்தம் கேட்டது. அதை வெளியிலிருந்து திறக்க வழியே கிடையாது.

மூன்றாம் நாள் சுரங்கத்தைச் சரிசெய்து அவனைத் தூக்கி வந்தார்கள். பொற்கலை அதுவரை ஒரு வாய் சாப்பிடவில்லை, ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. தன் அறமானியிடம் கெஞ்சிக்கொண்டே இருந்தாள். "நான் வளையத்தப் பாக்கல. சாகப் போறவர்கிட்டப் பொய் சொன்னேன். தப்புன்னு சொல்லு. ஒரே ஒரு தடவ சொல்லு." பச்சை. சுவரில் ஓங்கி அடித்தாள். கண்ணாடி விரிசல் விட்டது, அதன் வழியாகவும் பச்சையே தெரிந்தது.

கடைசியில் கணவன் கையிலிருந்ததைக் கழற்றித் தன் கையில் கட்டிக்கொண்டாள். நடந்ததை ஒன்று விடாமல் அதனிடம் சொன்னாள்.

சிவப்பு.

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. மூன்று நாளில் தன் பேச்சை முதன்முதலாக யாரோ நம்பியதுபோல் இருந்தது.

இறந்தவரின் பொருள்களைக் கணக்கெடுக்க வந்த அதிகாரி வேதநாயகம் நல்ல மனிதர். அவள் அழுது முடிக்கும்வரை காத்திருந்தார்.

"அதக் குடுங்கம்மா."

"மாட்டேன் சார். இதுதான் உண்மையச் சொல்லுது."

அவர் மெல்லக் கழற்றித் தன் கையில் வைத்து, அவள் செய்தது தவறா என்று கேட்டார். சிவப்பு. துணைக்கு வந்திருந்த தவமணியையும் கேட்கச் சொன்னார். சிவப்பு. வேதநாயகம் இரக்கத்தோடு தலையை ஆட்டினார்.

"பாத்தீங்களா? யார் கேட்டாலும் ஒரே பதில். இது ரிப்பேரும்மா."

தன் மணிக்கட்டை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு, இளம்பரிதியின் அறமானியைக் குப்பைப் பெட்டியில் போட்டார்.