முகம் பார்க்காதவனுக்கு ஒரு திரி

நாலாவது மெழுகுதிரி மட்டும் உருகவில்லை.

மற்ற மூன்றும் பாதி கரைந்துவிட்டன. மார்த்தா அதைக் கவனிக்காதவள் மாதிரி முழங்காலில் இருந்தாள். செத்தவர்களுக்குத் திரி கொளுத்தும் சகல ஆத்துமாக்கள் திருநாள், பின்னேரப் பூசை முடிந்து சனம் கலைந்துவிட்டது. பரங்கியர் கட்டிய பழங்கோயிலுக்கு, சனம் மீள்குடியேறியபின் போட்ட தகரக் கூரையில் மழை இரைய, ஈரச் சுண்ணாம்பும் வௌவால் எச்சமும் மெழுகும் சேர்ந்து மணக்க, தரையில் பதித்த கல்லறைக் கற்களின் மண்டையோட்டுச் செதுக்கல்கள் வெளிச்சத்தில் விழித்து விழித்து மூடின. அவள் முழங்காலூன்றியிருந்த கல்லின் தலைமாட்டில் ஐயாவுக்கும் அம்மாவுக்கும் தம்பிக்குமாக மூன்று திரி. நாலாவது, கடைசிச் சண்டையில் காணாமல்போன மகன் றொசாந்தனுக்கு. மூன்று வருஷம் தேடிக் களைத்து, இன்றைக்குத்தான் மனம் விட்டு ஏற்றினாள்.

"செத்த முகம் பார்க்காத ஆளுக்கு இஞ்சை திரி கொளுத்தப்படாது அக்கா. கல்லு ஆளைக் கேக்கும்," என்று அவள் ஏற்றும்போதே கோயில் மணி அடிக்கிற நீக்கிலாஸ் தடுத்துப் பார்த்திருந்தான். முத்துக்குளிக்கப் போன மகன் செத்தானென்று பரங்கியர் காலத்தில் ஒருத்தி இதே கல்லில் திரி வைத்தாளாம். அவன் உயிரோடு கரைக்கு வந்துகொண்டிருந்தானாம். கல்லைப் பெயர்த்தபோது கீழே கிடந்தான், தலைமயிர் ஈரம் காயாமல்.

"விசர்க் கதை," என்று கையை உதறியிருந்தாள் மார்த்தா.

கைத்தொலைபேசி அடித்தது. தெரியாத இலக்கம்.

"அம்மா."

எந்தக் கூட்டத்திலும் அவளுக்குத் தெரியும் அந்தக் குரல்.

"ஆமிக்காரங்கள் விட்டிட்டாங்கள் அம்மா. பஸ்ஸிலை வாறன். இப்ப பாலத்திலை."

தொலைபேசியைக் கன்னத்தோடு அழுத்தினாள். பிறகு திரியைப் பார்த்தாள்.

ஊதினாள். சுடர் அசையவில்லை. நுள்ளினாள். விரல் வெந்தது. சேலைத் தலைப்பைக் கூரையால் ஒழுகின மழையில் நனைத்து அமுக்கினாள். சேலைக்குள்ளே வெளிச்சம்.

"இறங்கு ராசா! பஸ்ஸாலை இறங்கு!"

"ஏனம்மா? லைற் எல்லாம் நிண்டிட்டுது..."

இரைச்சல். தண்ணீர்ச் சத்தம். பிறகு ஒன்றுமில்லை.

"றொசாந்தன்! எங்கை நிக்கிறாய்?"

"தெரியேல்லை அம்மா. படுத்திருக்கிறன் போலை. இருட்டு. மேலை கல்லு."

தொலைபேசியைக் காதிலிருந்து எடுத்தாள். குரல் நிற்கவில்லை. முழங்காலுக்குக் கீழே இருந்து வந்தது.

"ஒரு வெளிச்சம்தான் தெரியுது. அதை ஊதி நூத்துப்போடாதேங்கோ அம்மா."

கல்லின் விளிம்பில் தொலைபேசித் திரையின் நீல வெளிச்சம் கசிந்தது. கீழே நகங்கள் பிறாண்டின.

நாலாவது திரி அப்போதுதான் உருகத் தொடங்கியது.