கால்பட்டை

கோடை விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகள் வந்து இறங்கிய நாளிலிருந்து கேப்டனுக்குத் தலைகால் புரியவில்லை. கேப்டன் என்பது அவர் படித்து வாங்கிய பட்டம் இல்லை. ஏரியில் முப்பது வருடம் துடுப்புப் போட்ட மனிதருக்கு ஊர் வைத்த பட்டப்பெயர். பத்து வயதுப் பேரனும் ஏழு வயதுப் பேத்தியும் படகில் கூட்டிப்போகச் சொல்லி மூன்று நாளாக ஒரே நச்சரிப்பு. அவர் இன்று நாளை என்று சாக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார். சின்னப் பிள்ளை ஏறுகிற படகை அவர் ஓட்டிப் பத்தொன்பது வருடம் ஆகியிருந்தது.

நான்காம் நாள் காலை அவர் மனைவி இரண்டு லைஃப் ஜாக்கெட்டுகளை எடுத்து மேசைமேல் போட்டாள். படகுத்துறைக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுத்தே தேய்ந்த விரல்கள் அவளுடையவை. "பசங்க ஊருக்குப் போறதுக்குள்ள ஒரு சுத்து கூட்டிட்டுப் போயிடுங்க," என்றாள். வேறு வழியில்லை, கிளம்பினார்கள்.

துறையில் ஈ காக்கை இல்லை. தண்ணீர்மேல் மூடுபனி இன்னும் விலகவில்லை. கேப்டன் பேத்தியின் முன்னால் மண்டியிட்டார். சின்னப் பிள்ளைகளின் ஜாக்கெட்டில், கால்களுக்கு நடுவே போய் முன்பக்கம் முடிகிற பட்டை ஒன்று உண்டு. கால்பட்டை என்பார்கள். அதைக் கட்டாவிட்டால், பிள்ளை தண்ணீரில் விழும்போது ஜாக்கெட் மட்டும் மேலே மிதக்கும், பிள்ளை அதற்குள்ளிருந்து நழுவிப் போய்விடும். கேப்டன் இரண்டு முடிச்சுப் போட்டு இழுத்துப் பார்த்தார்.

"வலிக்குது தாத்தா."

"வலிக்கட்டும்."

படகுக்காரனுக்குக் கண்ணைவிடக் கால்மேல்தான் நம்பிக்கை. யார் ஏறினாலும் படகு ஒரு அமுங்கு அமுங்கும். கேப்டன் அந்தக் கனத்தை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவார். அவர் படகில் நின்றுகொண்டு கை கொடுக்க, பேரன் ஏறினான், மனைவி ஏறினாள், கடைசியாகப் பேத்தி ஏறினாள். அவர் குனிந்து கயிற்றை அவிழ்த்தார்.

படகு இன்னொரு முறை அமுங்கியது.

லேசாகத்தான். பேத்தியைவிடக் கொஞ்சம் குறைந்த கனம்.

துறையில் யாருமில்லை. வயதாகிவிட்டது என்று தன்னையே கடிந்துகொண்டு துடுப்பைப் போட்டார்.

ஏரியின் நடுவில் காற்று நின்றது. ஓயாமல் கேள்வி கேட்டுக்கொண்டிருந்த பேரன் ஏனோ வாயை மூடிக்கொண்டான். நனைந்து, காயாமல் மூலையில் கிடந்த துணியின் வாடை எங்கிருந்தோ வந்து மூக்கில் ஏறியது. பேத்தி பலகையில் நகர்ந்து உட்கார்ந்து, பக்கத்தில் ஒருவர் உட்கார இடம் விட்டாள்.

"தாத்தா," என்றாள் மெதுவாக. "இவளுக்குக் கட்டவே இல்லையே."

"யாருக்கு?"

"இவளுக்கு. நீங்க மறந்துட்டீங்களாம்."

கேப்டனின் துடுப்பு நின்றது.

அவர் மறக்கவில்லை. மறந்திருந்தால் கூடப் பரவாயில்லை.

பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு விடுமுறை நாள். துறையில் கூட்டம் முண்டியடித்தது. ஒரு தாயும் அவளுடைய ஐந்து வயது மகளும் ஏற வந்தார்கள். கேப்டன் பிள்ளைக்கு ஜாக்கெட்டை மாட்டிவிட்டு, கால்பட்டையைக் கையிலும் எடுத்தார். வரிசையில் யாரோ கத்தினார்கள். இந்த ஒரு தடவைதானே என்று அப்படியே விட்டுவிட்டார். தண்ணீரை அளைந்துகொண்டு வந்த பிள்ளை குப்புற விழுந்தது. ஜாக்கெட் மட்டும்தான் கைக்குக் கிடைத்தது.

விசாரணையில், "நான் கட்டித்தான் விட்டேன் சார். பிள்ளை அழுதுன்னு அந்தம்மாதான் அவுத்துட்டாங்க," என்று கூசாமல் சொன்னார். அழுதழுது பித்துப் பிடித்தவள் போலிருந்த அந்தத் தாய், "இருக்கும். நானாத்தான் இருக்கும்," என்றாள். ஊர் நம்பியது. அவள் கணவனும் நம்பி, அவளை விட்டுப் போனான். அன்று தனக்கு வந்த நிம்மதியை நினைத்தால் கேப்டனுக்கு இன்றைக்கும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கும்.

பேத்தியின் கால்பட்டை அவிழ்ந்து தொங்கிக்கொண்டிருந்தது.

எட்டிக் கட்டினார். இழுத்துப் பார்த்தார். நிமிர்வதற்குள், யாரோ பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாகப் பிரிப்பது போல, முதல் முடிச்சு தளர்ந்தது.

பிறகு இரண்டாவது.

பேத்தி இருந்த பக்கமாகப் படகு சாய ஆரம்பித்தது.

"சொல்லிடறேன்," என்றார் கேப்டன், அந்தக் காலி இடத்தைப் பார்த்து. "நான்தான் கட்டல. உங்கம்மா அவுக்கல. இன்னிக்கே போய் அவங்ககிட்ட சொல்லிடறேன். இவளை விட்டுடும்மா."

படகு நிமிர்ந்தது.

பேரன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். "எங்களைப் பொய் சொல்லக் கூடாதுன்னு சொல்லுவீங்களே தாத்தா," என்றான். அதில் குத்தல் எதுவும் இல்லை. நிஜமாகவே கேட்டான். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் கேப்டன் மனைவி பக்கம் திரும்பினார். அவள் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"எனக்குத் தெரியும்," என்றாள். "அன்னிக்குக் கிடைச்ச ஜாக்கெட்டுல நான் தைச்ச பட்டை அது. முடிச்சுப் போட்ட சுருக்கமே அதுல இல்ல."

"இத்தனை வருஷமாவா?"

"நீங்களே சொல்லுவீங்கன்னு பார்த்தேன். அப்படியே நானும் உங்களோட சேர்ந்துட்டேன்." அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கேப்டன் படகைக் கரைக்குத் திருப்பினார்.

மதியம் கேப்டன் தனியாகக் கிளம்பினார். அந்தத் தாய் துறைக்குப் பின்னால் இரண்டாவது தெருவில், ஒற்றை அறையில் காகிதக் கவர் ஒட்டிப் பிழைத்துக்கொண்டிருந்தாள். கண்ணில் புரை விழுந்துவிட்டது, எல்லாம் கைத் தடவல்தான் என்று கேள்விப்பட்டிருந்தார். நான்தான் கட்டல, நான்தான் கட்டல என்று வழி நெடுகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார். வெயில் மண்டையைப் பிளந்தது. ஆனாலும் அந்த ஈரத்துணி வாடை அவர் கூடவே வந்தது.

"யாரு?"

"நான்தாம்மா. கேப்டன்."

"வாங்கய்யா." குரலில் கோபம் இல்லை. அதுதான் அவரைக் கொன்றது. "உங்களுக்குத்தான் அன்னிக்கு என்னால எவ்வளவு அலைச்சல். விசாரணை, அது இதுன்னு. உங்களைப் பார்த்து ஒரு தடவை மன்னிப்புக் கேக்கணும்னு நெனச்சுட்டே இருப்பேன்."

கேப்டன் வாயைத் திறந்தார். வழியெல்லாம் வந்த வார்த்தை வாசலில் வரவில்லை.

அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, அவருடைய இடுப்பு உயரத்தில் எதையோ பார்த்தாள். "பக்கத்துல யாரு? உங்க பேத்தியா?"

அவர் பக்கத்தில் யாருமில்லை.

இப்போதாவது சொல்லியிருக்கலாம். அதற்குத்தான் வந்தார். ஆனால் பழகிய வாய், பழகியபடியே பேசியது.

"ஆமாம்மா. பேத்திதான்."

"தொப்பலா நனைஞ்சிருக்காளே." அவள் உள்ளே போய் ஒரு துண்டை எடுத்துவந்து, மண்டியிட்டு, வெறும் காற்றைத் துவட்டினாள். துண்டு கொஞ்சம் கொஞ்சமாக நனைந்தது. தரையில் தண்ணீர் சொட்டியது. தலை, தோள், முதுகு என்று இறங்கிய அவள் கை இடுப்புக்குக் கீழே வந்ததும் நின்றது. விரல்கள் எதையோ தடவின. பிடித்தன. அதன் நுனிவரை மெல்ல உருவிப் பார்த்தன.

"ஐயா," என்றாள், குரலே எழும்பாமல். "இந்தப் பட்டைய ஏன் கட்டாம விட்டிருக்கீங்க?"