பதினேழாம் படுக்கைக்கு அம்மாவின் குரல்

"உனக்குச் சட்டென்று அழுகை வருமா?" என்று தொண்டர் படையில் சேர்ந்த அன்று அமலியிடம் கேட்டார்கள். வரும் என்றாள். "பரவாயில்லை, அழுகையைக் கருவி பார்த்துக்கொள்ளும்" என்று சொல்லிக் குரலுறையைக் கையில் கொடுத்தார்கள்.

போரின் மூன்றாம் ஆண்டு. ராணுவ மருத்துவமனையில், கண்ணில் காயக்கட்டுப் போட்ட சிப்பாய்களின் கூடத்தில் அவளுக்கு வேலை. வாயை மூடும் அந்த உறைக்குள் முணுமுணுத்தால் வெளியே கேட்காது. தலையணை ஓரத்து ஒலிப்பெட்டியில் அதையே அவனவன் தாயோ மனைவியோ பேசுவாள். வீட்டார் நான்கு நிமிடம் பேசிப் பதிந்து அனுப்பினால் போதும். ஊர்ப் பேச்சையும் தழுதழுப்பையும் கருவியே சேர்த்துக்கொள்ளும். வீட்டிலிருந்து போன் என்று சிப்பாய்கள் நம்பினார்கள். புண்கள் சீக்கிரம் ஆறின. அமலி ஒரு நாளைக்குப் பதினொரு பேருக்குத் தாய். பேசிக்கொண்டே கட்டுப் பிரிப்பாள், சீழ் துடைப்பாள், மதியத்துக்கு என்ன காய் என்று யோசிப்பாள். ஒலிப்பெட்டி விம்மும்.

பதினேழாம் படுக்கையில் பட்டமுத்து. தம்பி சுடலையைப் படையில் சேர்த்துவிட்டவன் அவன்தான். குண்டு விழுந்தபோது இருவரும் ஒரே குழியில் இருந்தார்கள். இவனுக்குக் கண் போனது, தம்பிக்கு உயிர். தாய் சொர்ணத்தாய் அனுப்பிய படிவத்தில், பேசக் கூடாதவை என்ற இடத்தில் ஒரே வரி: சின்னவன் பேச்சு வேண்டாம்.

ஒன்பது நாள் அவன் சோறு தொடவில்லை. பத்தாம் நாள் கேட்டான்.

"எம்மா, தம்பிய நாந்தான கூட்டிட்டுப் போனேன். எம்மேல கோவமா?"

அமலி கஞ்சிக் கரண்டியை நீட்டியபடி முணுமுணுத்தாள். "ஒம்மேல எனக்கு என்னல கோவம்? குண்டு போட்டது நீயா? வாயத் தொற மொதல்ல" என்றது ஒலிப்பெட்டி.

திறந்தான். "உப்பே இல்லம்மா. நீ ஆக்குனது மாரியே இருக்கு."

அதன்பின் தினமும் கேட்டான். மாத்திரை கொடுப்பதுபோல் அவளும் தினமும் சொன்னாள்.

நாற்பதாம் நாள் அப்படிச் சொல்லிவிட்டுத் திரும்பியபோது, பின்னால் வயர்ப்பையுடன் ஒரு பெண் நின்றிருந்தாள். படிவத்தின் புகைப்படத்தில் பார்த்த முகம். அமலி உறையைக் கழற்றி அவளை ஜன்னலோரம் அழைத்துப் போனாள்.

"எத்தன நாளா நான் இதச் சொல்லுதேன்?" என்று சொர்ணத்தாய் மெதுவாகக் கேட்டாள்.

"முப்பது நாளா."

"திங்கானா?"

"மூணு வேளையும்."

"நீதாம்ல அவனக் கொன்னன்னு மொகத்துக்கு நேரா சொல்லணும்னுதான் வந்தேன். ரெண்டு பஸ் மாறி வந்தேன்."

அழ வேண்டிய இடம் என்று அமலிக்குத் தெரிந்தது. உள்ளே எதுவும் அசையவில்லை. "உங்க பிள்ளை, சொல்லுங்க. அப்புறம் அவர் வாயத் திறக்க மாட்டார்" என்றாள்.

"எம்மா, லைன்ல இருக்கியா?" என்று பட்டமுத்து கூப்பிட்டான்.

சொர்ணத்தாய் படுக்கையருகே போனாள். வாயைத் திறந்தாள். எதைச் சொன்னாலும் முப்பது நாளாக மன்னித்த குரலில்தான் சொல்ல வேண்டும். வாயை மூடிக்கொண்டாள். போர்வைக்கு வெளியே கிடந்த அவன் பாதத்தைப் போர்த்திவிட்டாள்.

"யாரு, சிஸ்டரா? கொஞ்சம் இருங்க, அம்மா பேசுதா."

அமலி உறையை மாட்டினாள்.

"இருக்கேம்ல" என்றது ஒலிப்பெட்டி, சரியான இடத்தில் தழுதழுத்து.

"கோவமில்லயே?"

"இல்லல, ராசா."

சொர்ணத்தாய் அதைக் கடைசி வரை கேட்டாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.