பூட்டிய வீட்டு விருந்தாளி

கழுவுதொட்டியில் இரண்டு தம்ளர்கள் கிடந்தன. காலையில் தம்பிக்குப் பால் கொடுத்துவிட்டு, வீட்டை வெளியே பூட்டிக்கொண்டு வேலைக்குப் போனபோது அக்கா விட்டுப்போனது ஒன்றைத்தான். இரண்டாவதை முகர்ந்தாள். சாராய நெடி. தம்பியின் தம்ளரில் பால் வாடைதான்.

குடி தம்பியின் ஞாபகத்தை அரித்துத் தின்றிருந்தது. நடை தள்ளாடும், காலையில் சாப்பிட்டது மதியம் தெரியாது. ஊசியும் சத்து மாத்திரையுமாக அவனை இழுத்துப் பிடித்திருந்தாள். இனி ஒரு வாய் உள்ளே போனாலும் அக்காவையே அடையாளம் தெரியாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

நர்ஸும் எச்சரித்திருந்தாள்: "மறந்த இடத்தையெல்லாம் கதை கட்டி அடைச்சிடுவார். பொய் இல்லைங்க, அவரே நம்புவார். நீங்களா பதிலை எடுத்துக் குடுத்துக் கேக்காதீங்க."

யாரிடம் சொல்கிறாள்! காப்பீட்டு அலுவலகத்தில் விபத்து விசாரணை அக்காவுக்கு. அடுத்தவர் வாயைப் பிடுங்குவதுதான் பிழைப்பே.

"யாருடா வந்தது? பழைய கூட்டாளியா?"

"ஆமாக்கா."

"உயரமா இருப்பானா?"

"நல்ல உயரம்."

மறுநாள் மாலை அறைவாசலின் மேல்கட்டையில், அவள் தலையோ தம்பி தலையோ எட்டாத உயரத்தில், எண்ணெய்த் தலை உரசிய கறை. வெளிப்பூட்டு போட்டபடியே இருந்தது. எவனிடமோ கள்ளச்சாவி இருக்கிறது என்று கறுவிக்கொண்டே பூட்டை மாற்றினாள்.

"காலை இழுத்து நடப்பானே, அவனா?"

"அவன்தான்க்கா."

அடுத்த நாள், பூட்டிய வீட்டுக்குள், கூடத்துத் தூசியில் நீளமாக ஒரு கோடு. பக்கத்தில் ஒற்றைப் பாதம்.

அன்று கேட்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டுதான் தம்பியின் அறையில் அவனுக்கு மாத்திரையை எடுத்தாள். ஆனால் சந்தேகம் பொல்லாதது. பழகிய வாய் முந்திக்கொண்டது.

"இப்பவும் உள்ளதான் இருக்கானா?"

"ஆமாக்கா."

சமையலறையில் எதுவோ தரையை உரசியது. நின்றது. மறுபடி உரசியது. இழுத்து இழுத்து, கூடத்தைத் தாண்டி, இந்தப் பக்கமாக.

விளக்கைப் போட்டாள். எரிந்தது. எரியாமலே இருந்திருக்கலாம்.

"டேய்... அவன் முகம் எப்படிடா இருக்கும்?"

தம்பி சிரித்தான். "அதை நீ இன்னும் சொல்லவே இல்லையேக்கா."

அறைவாசலில் அது குனிந்து நுழைந்தது. கையில் பாட்டில். இரண்டு காதுகளுக்கும் நடுவே, பிசைந்து தட்டிய மாவு போல வெறும் தோல்.

தடுக்க ஓடினாள். அவள் எட்டுவதற்குள் தம்பி தம்ளரை நீட்டினான். அது ஊற்றியது. ஒரே மடக்கு.

வாயைத் துடைத்துக்கொண்டு தம்பி அவளை மரியாதையாக நிமிர்ந்து பார்த்தான்.

"நீங்க யாருங்க?"

 அந்த வெறும் தோலும் அவள் பக்கம் மெல்லத் திரும்பி, பதிலுக்காகக் காத்து நின்றது.