நகராதவை

நேற்று அக்கா கணினியில் அழித்த நட்சத்திரம், இன்று புதிதாக எடுத்த படத்திலும் இல்லை.

சூரியனுக்கு வெகு தொலைவில் சுற்றும் பனிப்பிண்டங்களின் பாதையைக் கணக்கிடுவதுதான் அக்கா, தங்கை இருவருக்கும் வேலை. தங்கை மலை உச்சியில் தொலைநோக்கியோடு கிடந்தாள். அங்கே இரவென்றால் அக்காவின் அலுவலகத்தில் பிற்பகல். ஒரே திசையை அவள் மூன்று முறை படமெடுத்து அனுப்புவாள். மூன்றிலும் மெல்ல நகர்ந்திருப்பது பனிப்பிண்டம். நகராதது நட்சத்திரம், அழித்துவிட வேண்டும். ஒவ்வொன்றாக அழித்துக் கை சலித்துப்போய், நகராதவற்றைப் பச்சை வட்டமிட்டுக் கேட்காமலே அழிக்கும்படி போன வாரம்தான் அக்கா கணினிக்குச் சொல்லி வைத்திருந்தாள்.

கணினியின் விசிறி ஈனமாய் முனகியது. சூடேறிய தூசியின் வாடை அடித்தது. கைபேசியில் தங்கை.

"அக்கா, அந்த மூலையே இருட்டா இருக்கு."

"கண்ணாடியத் துடைச்சியா? தூங்கி வழிஞ்சிருப்பே."

"வெளிய வந்து கண்ணாலயே பாத்தேன்க்கா. வானத்துலயே இல்ல. நீ அழிக்கிறத நிறுத்தேன்."

வீட்டில் எப்போதும் கெட்டிக்காரி என்று பெயரெடுத்தவள் உளறுகிறாள் என்பதில் அக்காவுக்கு நாக்கடியில் ஒரு தித்திப்பு ஊறியது.

"மேடம் பயந்துட்டீங்களா? போய் அடுத்த படத்த எடுங்க."

படம் வந்தது. நட்சத்திரமே இல்லை. சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம், நடுவே நீளமாய் ஒரு பிளவு. அது தொலைநோக்கிக் கூடத்தின் திறந்த கூரை என்று புரிய அவளுக்கு நேரம் பிடித்தது. மேலிருந்து எடுத்த படம். பிளவுக்குள், அண்ணாந்த ஒரு முகம்.

தித்திப்பு வற்றியது.

"எங்க நிக்கிறே?"

"தொலைநோக்கி பக்கத்துல." குரல் மூச்சாகத்தான் வந்தது. "மேல என்னமோ இருக்குக்கா. அசைஞ்சா பாத்துடும்."

இரண்டாவது படம். அதே பிளவு. அதே முகம். அதே இடம்.

தானாக அழிப்பதை நிறுத்த, அக்கா கணினியின் அமைப்புப் பக்கத்தைத் தேடினாள். திறக்கவில்லை. மறுபடி அழுத்தினாள்.

"அசை. ஒரு அடி தள்ளி நில்லு. ஓடு."

"இப்பவுமா கேலி பண்றே?" என்றாள் தங்கை.

மூன்றாவது படம்.

முகம் நகரவில்லை. அதைச் சுற்றி ஒரு பச்சை வட்டம் விழுந்தது.

நான்காவது படத்தில் கூரை திறந்தே இருந்தது. தொலைநோக்கியின் அருகே, தரையில் கிடந்த கைபேசியின் சிறு வெளிச்சம். வேறொன்றும் இல்லை.

அக்காவின் கையில், துண்டிக்கப்படாத அழைப்பின் நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன.