கசப்பு தெரிந்த நாக்கு

பாகற்காய்ச் சாறு தீர்ந்த பிறகும் தாமோதரன் டம்ளரைக் கீழே வைக்கவில்லை. அடியில் தங்கியிருந்த சக்கையை விரலால் வழித்து நக்கினார்.

"இன்னும் இருக்குதா கோகிலா?"

"இதோட மூணு டம்ளர் ஆச்சுங்க. எனக்கும் ஒரு வாய் மிச்சம் வைக்கோணும்ல?"

கோவை கணபதியில் அவர்கள் தெருவில் எந்த வீட்டுக்குப் போனாலும் காலையில் இதே பேச்சுதான். முனையில் இருந்த இனிப்புக் கடை இப்போது வேப்பம்பூ உருண்டையும் வெந்தய அல்வாவும் விற்றது. கல்யாணப் பந்தியில் பாகல் பச்சடி வரும்போது பிள்ளைகள் இரண்டாவது முறை கேட்டு அழுதார்கள். தெரியாமல் யாராவது ஜிலேபியை வாயில் வைத்துவிட்டால், முகம் சுளித்துத் துப்பினார்கள்.

எல்லாம் நாவுறை செய்த வேலை. அது கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம். நாக்கில் ஒருமுறை வளர்த்துவிட்டால் சுவை மொட்டுகளுக்குள் வேர் விட்டுவிடும். கசப்போ துவர்ப்போ பட்டால் மூளைக்கு இனிப்பு என்று சொல்லும். சர்க்கரை பட்டால் கசப்பு என்று சொல்லும். வாயைக் கட்டச் சொல்லி மருத்துவர்கள் நூறு வருடம் கெஞ்சியும் நடக்காதது, வாயையே மாற்றியதும் ஒரே வருடத்தில் நடந்தது. கீரையும் வெந்தயமும் சிறுதானியமும் மனிதர்களுக்குப் பிடித்த உணவாகின. சர்க்கரை நோயும் ரத்தக் கொதிப்பும் அடங்கின. மருந்துக் கடைகள் ஒவ்வொன்றாக மூடின. சர்க்கரை மாத்திரை செய்த தொழிற்சாலைகள் வேறு பொருள் செய்யப் போய்விட்டன.

தாமோதரன் லேத் பட்டறையில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். அதில் இருபது வருடம் சர்க்கரை நோயாளி. கோகிலா வீட்டில் சீனி டப்பாவை ஒளித்து வைப்பாள். அவர் பட்டறைக்குப் போகிற வழியில் பேக்கரியில் நின்றுவிட்டுப் போவார். ஒரு தீபாவளிக்கு அவர் சட்டைப் பையில் இருந்த மைசூர்பாகை எடுத்து அவள் சாக்கடையில் வீசினாள். நான்கு நாள் அவர் அவளிடம் பேசவில்லை. அந்த மாதமே அவருடைய இடது காலில் இரண்டு விரல்களை எடுக்க வேண்டி வந்தது. ஆஸ்பத்திரியில் அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னால முடியல கோகிலா, வாய் கேக்க மாட்டேங்குது" என்று அழுதார். அவளுக்கும் அதற்கு முந்தின வருடம்தான் சர்க்கரை வந்திருந்தது. இருவரும் ஒரே நாளில் நாவுறை வளர்த்துக்கொண்டார்கள்.

பதினோரு மாதத்தில் மாத்திரைகள் நின்றன. மணிக்கட்டில் கட்டியிருந்த குருதிக்காப்பு சர்க்கரையை அளந்து எப்போதும் பச்சையாகவே மின்னியது. அதைவிடப் பெரிய விஷயம், சாப்பாட்டு நேரத்தில் சண்டை நின்றது. அடுத்த நான்கு வருடங்கள் அவர்கள் ஒரே மேசையில், ஒரே பாத்திரத்திலிருந்து, சிரித்துக்கொண்டு சாப்பிட்டார்கள். கல்யாணமாகி முப்பது வருடத்தில் அப்படி இருந்ததில்லை.

ஐந்தாவது வருடக் கோடையில் வெயில் நாற்பத்துநான்கைத் தொட்டது. குழாயில் வாரத்துக்கு ஒருமுறைதான் தண்ணீர் வந்தது. மொட்டை மாடியில் தாமோதரன் போட்டிருந்த சுரைக்கொடி வாடி, கோணல்மாணலாக மூன்று காய்கள் மட்டும் காய்த்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அதில் ஒன்றைப் பறித்துப் பச்சையாக அரைத்துச் சாறு எடுத்தார்.

"கோகிலா, இங்க வந்து பாரு! இந்தக் காய் தேனாட்டம் இனிக்குது."

அவள் துணி உலர்த்திக்கொண்டிருந்த ஈரக் கையோடு வந்து இரண்டு வாய் குடித்தாள்.

"அட, ஆமாங்க. பாகற்காயக் காட்டியும் இது ஜாஸ்தி இனிப்பு."

"இந்தா, நீயே குடி."

"எனக்கு வேலை கெடக்குதுங்க. வீணாக்காம நீங்களே குடிச்சுப்போடுங்க."

அவர் முழுச் சொம்பையும் குடித்தார்.

துணி உலர்த்தி முடிப்பதற்குள் கோகிலா சாக்கடை ஓரத்துக்கு ஓடினாள். இரண்டு முறை வாந்தி எடுத்தாள். முகம் கழுவிக்கொண்டு உள்ளே வந்தபோது, தாமோதரன் குளியலறைத் தரையில் உட்கார்ந்திருந்தார். அவருடைய பனியனில் ரத்தம் இருந்தது.

ஆஸ்பத்திரியில் அன்று பணியில் இருந்தவள் அஃப்ரீன் என்ற இளம் மருத்துவர். என்ன சாப்பிட்டார் என்று கேட்டாள். சுரைக்காய்ச் சாறு என்றதும் அவள் எழுதுவதை நிறுத்தினாள்.

"கசந்துச்சாம்மா?"

"கசப்பா? இல்லீங்க. அத்தனை இனிப்பு."

அஃப்ரீன் பேனாவைக் கீழே வைத்தாள். அந்த வாரத்தில் இதே போல் வந்த ஐந்தாவது ஆள் இவர். ஐந்து பேரும் இதே பதிலைத்தான் சொல்லியிருந்தார்கள்.

பிறகு அவளே விளக்கினாள். வெயிலும் தண்ணீர்ப் பஞ்சமும் தாக்கும்போது சுரைக்கொடி தன்னைக் காத்துக்கொள்ளக் காயில் ஒரு நஞ்சைச் சேர்க்கும். அது கடுமையாகக் கசக்கும். பழைய நாக்காக இருந்தால் முதல் துளியிலேயே துப்பிவிடும். கசப்பு என்ற சுவை மனிதனுக்கு இருப்பதே அதற்காகத்தான். ஆனால் பாகற்காயின் கசப்பும் இந்த நஞ்சின் கசப்பும் ஒரே குடும்பம். நாக்கில் இரண்டும் ஒரே கதவைத்தான் தட்டுகின்றன. நாவுறைக்கு இரண்டும் இனிப்புதான். நஞ்சு கூடக் கூட இனிப்பும் கூடும்.

"நான்தான் குடிக்கச் சொன்னேனுங்க," என்றாள் கோகிலா.

தாமோதரன் மறுநாள் மதியம் கண் விழித்தார். "நல்லாத்தான இருந்துச்சு?" என்று கேட்டார். அவள் தலையாட்டினாள். மாலைக்குள் இறந்துபோனார்.

காரியம் முடிந்த மூன்றாம் நாள் கோகிலா அஃப்ரீனைத் தேடி வந்தாள்.

"இந்த உறைய உரிச்சுருங்க டாக்டர்."

"உரிக்கலாம்மா. ஆனா மறுபடி வளராது. உங்களுக்கும் சக்கரை இருக்கு. பழைய மாத்திரையெல்லாம் இப்ப லேசுல கிடைக்கறதில்ல. யோசிங்க."

"யோசிச்சுட்டனுங்க. அன்னிக்கு எனக்கு ஒரு வாய் கசந்திருந்தா, நானும் துப்பியிருப்பேன், அவரையும் துப்ப வெச்சிருப்பேன். இனி இந்த நாக்க நம்பி என்னால ஒரு வாய் சோறு திங்க முடியாது."

உறை போன மறுநாள் அவள் பாகற்காய் வாங்கிச் சமைத்தாள். ஒரு கவளத்துக்கு மேல் விழுங்க முடியவில்லை. வாழைப்பழக் கடையில் ஒரு பழத்தை உரித்துச் சாப்பிட்டவள், அதன் இனிப்பில் அங்கேயே நின்று அழுதாள்.

அந்தக் கோடையில் மாவட்டத்தில் பத்தொன்பது பேர் இறந்தார்கள். நாவுறையைத் தடை செய்ய வேண்டும் என்று சிலர் கேட்டார்கள். அது காப்பாற்றிய லட்சக்கணக்கானவர்களின் கணக்கை அரசு எடுத்துக் காட்டியது. அந்தக் கணக்கிலும் பொய் இல்லை. தடைக்குப் பதிலாக வீட்டுக்கு ஒரு நச்சுமானி வந்தது. ஒரு காயைச் சோதிக்க அதற்கு முக்கால் மணி நேரம் ஆனது. ஈரம் பட்டால் நின்றுபோனது.

அடுத்த வீட்டுச் சாருமதி ஒருநாள் பீர்க்கங்காய்த் துண்டு ஒன்றைத் தட்டில் வைத்துக்கொண்டு வந்தாள்.

"அக்கா, உங்க நாக்குல கொஞ்சம் வெச்சுப் பாத்துச் சொல்றீங்களா? அந்த மெஷின் வேலை செய்யல."

கோகிலா தொட்டு நக்கிவிட்டு, வாய் கொப்பளித்தாள். "கசப்பு இல்ல. சமைச்சுக்க."

மறுநாள் நான்கு பேர் வந்தார்கள். ஒரு மாதத்தில் காலை ஆறு மணிக்கே வாசலில் வரிசை நின்றது. வெள்ளரி, சுரை, பீர்க்கு, பூசணி. மூன்று வருடத்தில் ஏழு முறை அவள் "கொட்டிருங்க" என்று சொன்னாள். அந்த ஏழு வீடுகளில் எத்தனை உயிர் என்று மனதுக்குள் எண்ணிப் பார்ப்பாள். தாமோதரன் அந்த எண்ணிக்கையில் இல்லை என்பதும் உடனே நினைவுக்கு வரும்.

நன்றிக்கு அவர்கள் வேப்பம்பூ உருண்டை கொண்டுவந்தார்கள். அவளால் அதை முகர்ந்துகூடப் பார்க்க முடியாது. கல்யாண வீடுகளுக்குப் போனால் பந்தியில் அவளால் தின்ன முடிந்தது வெறும் சோறும் மோரும்தான். வீட்டில் தனியாக, சோறும் உருளைக்கிழங்கும் சீனி போட்ட காப்பியும். பத்தியம் இருக்கத்தான் நினைத்தாள். தெருவே பத்தியத்தை ருசித்துத் தின்றுகொண்டிருந்தபோது, அவள் ஒருத்தி மட்டும் அதைப் பல்லைக் கடித்துக்கொண்டு செய்ய வேண்டியிருந்தது. சில நாள் முடிந்தது. பல நாள் முடியவில்லை. தாமோதரன் அன்று அழுததன் பொருள் அப்போதுதான் அவளுக்கு முழுதாகப் புரிந்தது. குருதிக்காப்பு சிவப்பாகவே எரிந்தது. ஊசி மருந்து வெளி மாநிலத்திலிருந்து வர வேண்டும், வரும்போது வரும். வலது பாதத்தில் செருப்பு கடித்த புண் ஆறவில்லை.

பாதத்தை எடுத்த நான்காம் நாள் காலையில், வார்டுக்கு வெளியே பாத்திரங்கள் மோதும் சத்தம் கேட்டு அவள் கண் விழித்தாள். கதவு வழியாகப் பார்த்தாள். வராந்தா முழுக்க ஆட்கள், கையில் கிண்ணங்களோடும் தட்டுகளோடும்.

சாருமதி முன்னால் வந்தாள். "நாலு நாளா பயந்து பயந்து சாப்பிடறோம்க்கா. சிரமம்தான்னு தெரியுது..."

"உங்கள்ல யாராச்சும் ஒருத்தர் உரிச்சுக்கிட்டா ஆகாதா சாரு?" என்று கேட்டாள் கோகிலா. "தெருவுக்கு ஒருத்தர் இருந்தாப் போதுமே."

ஒருவர் தன் குருதிக்காப்பைச் சட்டைக் கைக்குள் இழுத்துவிட்டுக்கொண்டார். "எங்க ஊட்டுல எல்லாத்துக்கும் சக்கரைங்க," என்றாள் பின்னால் ஒருத்தி. இன்னொருத்தி தன் பிள்ளைகள் சின்னவர்கள் என்றாள். எல்லோரும் ஒருமுறை கோகிலாவின் பாதம் இருந்த இடத்தைப் பார்த்தார்கள். பிறகு யாரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

கோகிலா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தாள். "வரிசையா வாங்க. தண்ணி ஒரு சொம்பு வேணும், கொப்பளிக்க."

ஒவ்வொன்றாகத் தொட்டு, ருசித்து, துப்பி, பதில் சொல்லி அனுப்ப ஒரு மணி நேரம் ஆனது. கடைசியில் நின்றிருந்தவள் அஃப்ரீன். வெள்ளைக் கோட்டுக்குக் கீழே மறைத்தாற்போல் ஒரு சாப்பாட்டு டப்பா.

"நீங்களுமா டாக்டர்?"

"வெள்ளரிக்காய் சாலட்மா." அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. "எனக்கு எல்லாம் தெரியும். தெரிஞ்சும் என்னால உரிச்சுக்க முடியல."

கோகிலா ஒரு துண்டை எடுத்து நாக்கில் வைத்தாள். துப்பினாள். "நல்லா இருக்குதுங்க. சாப்பிடுங்க."

அஃப்ரீன் டப்பாவை மூடினாள். ஆனால் நகரவில்லை.

"நாளைக்கும் வரலாமாம்மா?"

"அதைய என்னையக் கேட்டா எப்படீங்க? நான் இன்னும் எத்தனை நாளைக்குன்னு நீங்கதான சொல்லோணும்."

கட்டில் முனையில் தொங்கிய குறிப்பேட்டை அஃப்ரீன் எடுத்துப் பார்த்தாள். காலையில் வந்த பரிசோதனை முடிவு அதில் இருந்தது: புண்ணின் சீழ் ரத்தத்தில் கலந்திருந்தது. அதைப் படித்துவிட்டு, எடுத்த இடத்திலேயே மாட்டினாள்.